ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை

சாயங்காலம் ஆறு மணி. பட்டறையின் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, கையில் ஒட்டிய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபடி நிற்கிறார் ஒரு டூ வீலர் மெக்கானிக். பெயர் வேண்டாம், எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியவர். வயது நாற்பதை நெருங்குகிறது. மருத்துவமனையில் சேர்ந்து, குடியை நிறுத்தி, வீட்டுக்கு வந்து இன்றோடு 19 நாள்.

காலையில் அவருக்குப் பிரச்னை இல்லை. மதியமும் இல்லை. வேலை கையைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆறு மணிக்குத்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. வலது பக்கம் திரும்பினால் வீடு. இடது பக்கம் திரும்பினால் டாஸ்மாக். பதினைந்து வருஷமாக வண்டி தானாகவே இடது பக்கம் திரும்பிப் பழகிவிட்டது. கடை மூடுவது இரவு பத்து மணிக்கு. ஆக, ஒரு நாளில் அவர் தாண்ட வேண்டியது இந்த நான்கு மணி நேரத்தைத்தான்.

வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த பிறகு? டீ குடித்தாயிற்று. டி.வி-யில் மனசு நிற்கவில்லை. மனைவி தையல் மெஷினில் இருக்கிறார். ஆனால், கவனமெல்லாம் கணவர் மேல். இவர் எழுந்து வாசல் பக்கம் போனால் மெஷின் சத்தம் நிற்கிறது. அது நிற்பது இவருக்கும் தெரிகிறது.

"எங்கேயும் போகலை. சும்மா நிக்கிறேன்."

"நான் ஒண்ணும் கேக்கலையேங்க."

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அம்மாவின் பழைய கோல நோட்டுக்குக் கலர் அடித்துக்கொண்டிருக்கிறாள். 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை. பெரிய கோலம். "அப்பா, எனக்குக் கை வலிக்குது. இந்தப் பக்கம் நீ அடிக்கிறியா?" என்று ஒரு பச்சைப் பென்சிலை நீட்டுகிறாள்.

முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு உட்கார்ந்தார். கையில் இன்னும் லேசான நடுக்கம். இரண்டு இடத்தில் பச்சை கோட்டைத் தாண்டிவிட்டது. "மெதுவாப்பா" என்றாள் மகள். மெதுவாக அடித்தார். ஒரு இலை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு இலை. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது 25 நிமிடம் போயிருந்தது. அந்த 25 நிமிடத்தில் இடது பக்கத்துக் கடை ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை என்பது அவருக்கே பிறகுதான் உறைத்தது.

ஒரு கலர் பென்சில் குடிநோயைக் குணப்படுத்திவிடாது. ஆனால், குடியை விட்ட மனிதருக்கு அந்த நான்கு மணி நேரத்தைக் கடக்க அது எப்படிக் கைகொடுக்கிறது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் மருத்துவர்... பிறகுதான் பென்சில்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர், "நாளையிலிருந்து நிறுத்திவிடுகிறேன்" என்று வீட்டிலேயே திடீரென நிறுத்துவது ஆபத்து. சில மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்கு இடம், காலம் புரியாத குழப்பம் வரும், இல்லாத பூச்சிகள் ஊர்வதுபோலத் தெரியும், காய்ச்சல் ஏறும். இது உயிரையே பறிக்கக்கூடிய நிலை. பல வருடம் குடித்தவர்களின் உடம்பில் வைட்டமின் பி1 வறண்டுபோயிருக்கும். அதை உடனே ஈடுகட்டாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். அதனால் நிறுத்தும் அந்த முதல் வாரம் மருத்துவரின் கையில்தான் இருக்க வேண்டும். மருந்து, ஊசி, சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்கான பிறகு தொடங்குவதுதான் நோட்டும் பென்சிலும்.

குடிப்பழக்கம் ஒரு ஒழுக்கக்கேடு என்றே நினைத்திருந்த காலத்தில், அது ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்று தமிழ்நாட்டில் எடுத்துச்சொன்னவர்களில் முக்கியமானவர் சாந்தி ரங்கநாதன். குடிநோயால் கணவரை இழந்த அவர், 1980-ல் சென்னையில் கணவர் பெயரிலேயே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். நோயாளிக்கு மட்டுமல்லாமல், கூட வாழ்கிறவர்களுக்கும் ஆலோசனை தேவை என்பதை ஆரம்பத்திலிருந்தே வலியுறுத்திய இடம் அது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு இரண்டு எண்கள்: டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இரண்டும் கட்டணமில்லாதவை. குடிக்கிறவரே பேச வேண்டும் என்பதில்லை. வீட்டில் இருப்பவர்களும் பேசலாம்.

அலை வரும்... போகும்

குடியை விட்டவர்களைக் கேட்டால், "திடீர்னு ஒரு நெனப்பு வரும் பாருங்க... அது வந்துட்டா அவ்ளோதான்" என்பார்கள். அந்த நினைப்பு ஏறிக்கொண்டே போகும், குடித்தால்தான் அடங்கும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படி இல்லை என்று காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட். குடி ஏக்கம் என்பது கடல் அலை மாதிரி. எழும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். பெரும்பாலும் 15 நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் அதன் வேகம் குறைந்துவிடும். அலையோடு மல்லுக்கட்டினால் மூச்சு வாங்கும். அதன்மேல் மிதந்தபடி காத்திருந்தால் அதுவே கரையில் விட்டுவிடும். இந்த முறைக்கு அவர் வைத்த பெயரே அலைச்சறுக்கு என்ற பொருளில்தான்.

சரி, அந்த அரை மணி நேரம் எதைப் பிடித்துக்கொண்டு மிதப்பது?

ஏக்கம் வரும்போது மனசுக்குள் என்ன நடக்கிறது என்று கவனித்தால் ஒன்று தெரியும். அது வார்த்தையாக வருவதைவிடப் படமாகத்தான் அதிகம் வருகிறது. பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய் பாக்கெட், வாட்டர் பாட்டில், எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பரின் முகம், முதல் மிடறு இறங்கும் அந்த நொடி... எல்லாம் சினிமா மாதிரி ஓடும். மனசின் திரை ஒன்றுதான். அதில் வேறொரு படம் ஓடினால் இந்தப் படம் மங்கும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஏக்கத்தில் இருந்தவர்களை மூன்று நிமிடம் டெட்ரிஸ் விளையாடச் சொன்னார்கள். கட்டங்கள் விழ விழ, அவற்றைத் திருப்பிப் பொருத்தும் அந்தப் பழைய விளையாட்டுதான். விளையாடியவர்களுக்கு ஏக்கத்தின் வேகம் குறைந்தது. கண்ணுக்கும் மனசுக்கும் சேர்த்து வேலை கொடுத்ததுதான் காரணம் என்பது அவர்களின் விளக்கம்.

கலர் அடிப்பதும் கண்ணுக்கும் கைக்கும் மனசுக்கும் சேர்த்து வேலை கொடுக்கும் காரியம்தான். கூடுதலாக ஒரு வசதி: பென்சில் பிடித்த கையில் டம்ளர் பிடிக்க முடியாது.

வெள்ளைத்தாளை விடக் கோடு போட்ட தாள்

"எனக்குப் படம் வரையவே வராது" என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வரைய வேண்டியதே இல்லை.

2005-ல் அமெரிக்காவில் கரி, காசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 84 கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பயமுறுத்திய ஒரு சம்பவத்தை முதலில் எழுதச் சொல்லி மனதைப் பதற்றமாக்கிவிட்டு, 20 நிமிடம் கலர் அடிக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்கு மண்டலா எனப்படும் வட்ட வடிவம். இன்னொரு பிரிவுக்குக் கட்டம் போட்ட துணி மாதிரியான வடிவம். மூன்றாவது பிரிவுக்கு வெற்றுத்தாள். இஷ்டப்படி எதையும் வரையலாம். வட்டத்துக்கும் கட்டத்துக்கும் கலர் அடித்தவர்களின் பதற்றம் குறைந்தது. வெற்றுத்தாள் கிடைத்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அதாவது, மண்டலாவில் மாயமில்லை. கட்டமும் அதே வேலையைத்தான் செய்தது. எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்று கோடு சொல்லிவிடுகிறது. பதறிக்கொண்டிருக்கும் மனசுக்கு முடிவெடுக்கும் பாரம் இல்லை. இந்த ஆய்வு குடிநோயாளிகளை வைத்துச் செய்ததல்ல. ஆனால், "கொஞ்ச நேரம் பதற்றம் அடங்கினால் போதும்" என்று தவிப்பவருக்கு இதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

வட்டத்துக்குள் வரைவதை மனநலத்தோடு இணைத்துப் பேசியவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் யுங். முதல் உலகப்போர் முடியும் சமயத்தில், ராணுவப் பணியில் இருந்தபோது தினமும் காலையில் ஒரு சின்ன நோட்டில் ஒரு வட்டச் சித்திரம் வரைவது அவருடைய வழக்கமாக இருந்தது. அன்றைய மனநிலையை அந்த வட்டத்தில் பார்க்க முடிந்தது என்று அவர் பின்னாளில் எழுதினார். 2013-ல் ஸ்காட்லாந்தின் ஜொஹானா பாஸ்ஃபர்டு வெளியிட்ட 'சீக்ரெட் கார்டன்' பெரியவர்களுக்கான கலரிங் புத்தகங்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

நம் வீடுகளில் அந்தப் புத்தகத்தைத் தேடிப்போக வேண்டிய அவசியம்கூட இல்லை. மார்கழிக்கு வாங்கிய கோலப் புத்தகம் பரணில் இருக்கும். அம்மாவோ பாட்டியோ கைப்பட வரைந்துவைத்த கோல நோட்டு அலமாரியில் இருக்கும். ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தால் போதும்.

சின்னச் சின்னக் குறிப்புகள் சில:

* ஸ்கெட்ச் பேனாவைவிடக் கலர் பென்சில் நல்லது. கை நடுங்கினாலும் சமாளிக்கலாம். 12 கலர் பெட்டி நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

* வீட்டுக்கு வந்ததும் முதலில் சாப்பாடு. பசியோடு உட்காரக் கூடாது. வயிறு காலியாக இருந்தால் ஏக்கம் இரண்டு மடங்காகத் தெரியும்.

* நோட்டும் பென்சிலும் ஆறு மணிக்கு முன்பே எடுத்து வைத்த இடத்தில் இருக்கட்டும். அலை வந்த பிறகு ஷார்ப்னரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

* போனில் கலர் அடிக்கும் ஆப்கள் இருக்கின்றன. ஆனால், அதே போனில்தான் "மாப்ளே எங்க இருக்க?" என்ற அழைப்பும் வரும். முதல் சில மாதங்களுக்குக் காகிதமே பாதுகாப்பு.

* ஒரு பக்கத்தை ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. பாதியில் விட்ட கோலம், "நாளைக்கும் வா" என்று கூப்பிடும்.

நோட்டில் நான்கு வரி

கலர் பென்சில் அலையைக் கடக்க உதவும். அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டுவது எழுத்து.

குடியிலிருந்து மீள்வதில் எழுத்துக்குப் பழைய இடம் உண்டு. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும், பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்தார்கள். இருவருமே குடிநோயாளிகள். அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான் இன்று சென்னை முதல் கன்னியாகுமரி வரை கூட்டங்கள் நடத்தும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏ.ஏ). 1939-ல் வெளிவந்த அதன் அடிப்படை நூலில், தன்னைத் தானே கணக்கெடுக்கும் படி ஒன்று உண்டு. அதைப் பேப்பரில் பத்தி பிரித்து எழுதச் சொல்கிறது அந்த நூல். யார் மேல் கோபம், எதனால் கோபம், அது தன்னுடைய எதைக் காயப்படுத்தியது என்று தனித்தனிப் பத்திகள். கடைக்காரர் கணக்குப் புத்தகம் எழுதுகிற மாதிரி. வேடிக்கை என்னவென்றால், வட்டச் சித்திரம் வரைந்த அதே கார்ல் யுங்குக்கும் ஏ.ஏ-வின் தொடக்கத்தில் பங்கு உண்டு. அவரிடம் சிகிச்சைக்குப் போன ஓர் அமெரிக்கரின் அனுபவம்தான் பலர் வழியாக வில்சனை எட்டியது. அதற்கு நன்றி சொல்லி வில்சன் 1961-ல் யுங்குக்குக் கடிதம் எழுத, அதே மாதத்திலேயே பதிலும் வந்தது.

நம் மெக்கானிக்குக்கு எழுதிப் பழக்கமில்லை. பில் புத்தகத்தில் 'செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ' என்று எழுதுவதோடு சரி. ஆலோசகர் அவருக்குச் சொன்னது நான்கே வரி. எப்போது, எங்கே வந்தது? அதற்கு முன்னால் என்ன நடந்தது? பத்துக்கு எவ்வளவு? என்ன செய்தேன், எத்தனை நிமிடத்தில் இறங்கியது?

அவர் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

'சனி. 6.20. பட்டறை வாசல். கஸ்டமர் காசு பாக்கி வெச்சிட்டுச் சத்தம் போட்டான். மதியம் சாப்பிடலை. பத்துக்கு எட்டு. வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டேன். கலர் அடிச்சேன். ஏழு மணிக்கு மூணு.'

இரண்டு வாரம் இப்படி எழுதிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கங்களைப் புரட்டினார். எட்டு, ஒன்பது என்று எண் போட்ட நாட்களில் எல்லாம் 'மதியம் சாப்பிடலை' என்ற வரி இருந்தது. குடிக்கும் காலத்தில் பசியைத் தள்ளிப்போட்டுப் பழகிய உடம்பு. பதினைந்து வருஷமாக அவர் 'டென்ஷன்' என்று நினைத்ததில் பாதி, வெறும் பசி! மறுநாளிலிருந்து மனைவி ஒரு மணிக்கு போன் செய்து, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

போதை மீட்பில் நான்கு எதிரிகளைப் பற்றிச் சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. இந்த நான்கில் உங்கள் வீட்டு மனிதருக்கு எது வில்லன் என்பதை வேறு யாரும் சொல்ல முடியாது. அவருடைய நோட்டு சொல்லும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கணக்குக்கு ஒதுக்கலாம். ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் மாதம் 6,000 ரூபாய். வருடம் 73,000 ரூபாய். தினமும் அந்த 200 ரூபாயை எழுதிக் கூட்டிக்கொண்டே வரும்போது, 'விட்டது' என்ற சொல்லுக்கு ஒரு எடை வருகிறது.

எழுதினால் பாரம் குறையுமா?

குறையும். ஆனால், உடனே அல்ல. 1986-ல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், மனதைக் காயப்படுத்திய அனுபவங்களைப் பற்றி நான்கு நாள், தினம் 15 நிமிடம் மாணவர்களை எழுதவைத்தார். நடந்ததையும் அதைப் பற்றித் தங்கள் மனசு பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்துவந்த மாதங்களில் மருத்துவ உதவியை நாடிப் போனது குறைந்தது. ஆனால், எழுதி முடித்த கையோடு அவர்கள் மனசு இன்னும் கனமாகத்தான் இருந்தது.

குடியை விட்டவர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் ரொம்ப முக்கியம். பழைய குற்றவுணர்வு, அப்பாவிடம் வாங்கிய அடி, மனைவியைக் கைநீட்டிய இரவு... இதையெல்லாம் முதல் மாதத்திலேயே, ராத்திரி ஒன்பது மணிக்கு, தனியாக உட்கார்ந்து கிளற வேண்டாம். கனத்த மனசுக்கும் பத்து மணிக்கு மூடும் கடைக்கும் நடுவில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. ஆழமான காயங்களை எழுதுவது, ஆலோசகரோ ஏ.ஏ வழிகாட்டியோ பக்கத்தில் இருக்கும் காலத்தில், பகல் வெளிச்சத்தில் நடக்கட்டும். இரவுக்கு அந்த நான்கு வரி போதும்.

எழுத்தே வராதவர்களுக்கும் வழி இருக்கிறது. மளிகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த மாதக் காலண்டர் வீட்டில் தொங்குமே... தினமும் படுக்கப்போகும் முன் அன்றைய கட்டத்துக்கு ஒரு கலர். நிம்மதியான நாளுக்குப் பச்சை, கோபம் வந்த நாளுக்குச் சிவப்பு, சோர்வுக்கு நீலம் என்று அவரே முடிவு செய்துகொள்ளலாம். மாதக் கடைசியில் ஒரே பார்வையில் முப்பது நாளும் தெரியும். சனிக்கிழமை வரிசை முழுக்கச் சிவப்பாக இருந்தால், அடுத்த சனிக்கிழமைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

நாற்பத்தோராவது நாள்

மெக்கானிக்கின் தாய்மாமா இறந்துபோனார். சாவு வீடு. பந்தல். பறை. பின்பக்கத் தோட்டத்தில் பாட்டில்கள். "இன்னிக்கு ஒரு நாள்தாண்டா... மாமாவுக்காக." குடித்தார்.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் மொத்தமாக விழுகிறார்கள். ஒரு டம்ளரைவிட, அதற்கு மறுநாள் காலையில் வரும் எண்ணம்தான் அதிகம் கெடுக்கிறது. 'எல்லாம் போச்சு. நாப்பது நாள் வீண். இனி என்ன இருக்கு?' ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாக மாற்றுவது இந்த எண்ணம்தான் என்பதையும் ஆலன் மார்லட் விரிவாக எழுதியிருக்கிறார்.

அன்று காலை அவர் நோட்டைக் கிழிக்கத்தான் எடுத்தார். மனைவி தடுக்கவில்லை. அழவும் இல்லை. அடுப்படி வாசலில் நின்று, "அந்த நாப்பது நாளும் நான் தூங்கினேங்க. அதையும் சேத்துக் கிழிக்காதீங்க" என்றார்.

அவர் வெகுநேரம் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுதினார்: 'வியாழன். 11 மணி. சாவு வீடு. தனியா போனேன். ராத்திரி தூக்கம் இல்லை. காலைல சாப்பிடலை. குடிச்சேன்.' நான்கு எதிரிகளில் மூன்று பேர் அந்த வரியில் இருந்தார்கள். அன்று மதியமே மருத்துவரைப் பார்க்கப் போனார். அடுத்து வந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு, சாப்பிட்டுவிட்டு, தன்னைப் போலவே குடியை விட்ட நண்பர் ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு போய், காரியம் முடிந்த கையோடு கிளம்பி வந்தார். காலண்டரில் அந்த வியாழக்கிழமைக் கட்டத்தை அவர் வெறுமையாக விடவில்லை. அதற்கும் ஒரு கலர் அடித்தார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

நோட்டை ரகசியமாக எடுத்துப் படிக்காதீர்கள். படிக்கப்படும் என்று தெரிந்தால் அவர் உங்களுக்காக எழுத ஆரம்பிப்பார். 'இன்று நன்றாக இருந்தேன்' என்ற வரி மட்டுமே மிஞ்சும். அவராகக் காட்டினால் பாருங்கள். 'என்ன இது, சின்னப் பிள்ளை மாதிரி கலர் அடிச்சிக்கிட்டு' என்ற கிண்டலும் வேண்டாம். விருந்தாளிகளிடம் எடுத்துக்காட்டும் பெருமையும் வேண்டாம்.

கூட வாழ்கிறவர்களுக்கும் ஒரு நோட்டு தேவை. பல வருஷம் வாசலைப் பார்த்தபடி வாழ்ந்த மனைவிக்கு, கணவர் குடியை விட்டதும் நிம்மதி உடனே வந்துவிடாது. கோபம் இப்போதுதான் வெளியே வரும். பில் வில்சனின் மனைவி லோயிஸ் இதை அனுபவித்தவர். குடிநோயாளிகளின் குடும்பங்களுக்காக 1951-ல் உருவான 'அல்-அனான்' அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அதன் கூட்டங்களும் நம் ஊரில் நடக்கின்றன.

குடிப்பவர் பெண்ணாக இருந்தால், அவர் உதவி கேட்பது இன்னும் கடினம். 'வெளியே தெரிந்தால் மானம் போகும்' என்ற பயம் மருத்துவமனை வாசலையே மிதிக்கவிடாது. அந்த வீட்டில் நோட்டு பூட்டிவைக்கும் இடத்தில் இருப்பது பெரிய உதவி. அதைவிடப் பெரிய உதவி, அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போகும் ஒரு ஆள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அந்த மெக்கானிக் வீட்டில், மூன்றாவது மாதத்தில்தான் கவனித்தார்கள்.

மகளின் தோழிக்குப் பிறந்தநாள். சாயங்காலம் ஆறரை மணிக்கு இரண்டு தெரு தள்ளி கேக் வெட்டுகிறார்கள். மகள் போகமாட்டேன் என்றாள். வயிறு வலிக்கிறது என்றாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது மெல்லச் சொன்னாள்: "நான் போயிட்டா அப்பாவோட யாரு கலர் அடிப்பா? அப்பா கடைக்குப் போயிடுவாரே..."

அவள் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டது.

பத்து வயதுக் குழந்தை, ஒரு பெரிய மனிதரின் நான்கு மணி நேரத்தைத் தோளில் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. குழந்தையோடு சேர்ந்து கலர் அடிப்பது நல்லதுதான். ஆனால், அப்பாவைக் குடிக்கவிடாமல் பார்த்துக்கொள்வது அந்தக் குழந்தையின் வேலை ஆகிவிடக் கூடாது. அப்பா குடிக்காமல் இருப்பதும், ஒருவேளை குடித்துவிடுவதும், குழந்தையால் அல்ல என்பதை வாய்விட்டு, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அவர் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டார். மெஷின் சத்தம் நின்றது.

"ஸ்டேஷனரி கடைக்குப் போயிட்டு வரேன்" என்றார்.

இருபது நிமிடத்தில் வந்தார். கையில் இரண்டு பொட்டலம். ஒன்றில் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ். இன்னொன்றில் ஒரு கோலப் புத்தகமும், புதிதாக 12 கலர் பென்சில் பெட்டியும்.

"இது என்னோடது. உன் பென்சிலை எல்லாம் இனிமே நான் தொடமாட்டேன்" என்று மகளிடம் சொன்னார். "நீ போய்ட்டு வா. அப்பா என் வேலையை நானே பாத்துக்குவேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டினார். ஃபிராக் மாற்றிக்கொண்டு ஓடினாள்.

அவர் தரையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தார். மணி ஆறே முக்கால். உள்ளே தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.